துப்பாக்கிச்சூடு நடந்த அன்று – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஆணையம், நிவாரணம், சி.பி.ஐ. என்று பின்னால் நடந்ததையே எழுதியிருக்கிறீர்கள். நான் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறேன். சுட்டது சரியா தவறா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். சுட்ட அன்றே, அந்த ஊர் ஸ்டேஷனில் இருக்கிற ஒரு எஸ்.ஐ., இறந்தவர் வீட்டாரிடமும் காயம்பட்டவர்களிடமும் நியாயமாக நடந்துகொள்ள வழி உண்டா? மேலிடம் சொல்வதைத்தானே கேட்டாக வேண்டும்?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

வழி உண்டு. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் தொடங்கிய அந்தத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை வந்தது 2022 மே மாதம். சட்டமன்றத்தில் வைத்தது அக்டோபரில். போலீஸ் மீது அறிக்கை கடுமையாகவே பேசியது. ஆனால் ஆணையத்தின் அறிக்கையை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. நீதிமன்றம் கேட்பது முதல் இரண்டு நாளில் எழுதிய காகிதத்தையும் எடுத்துவைத்த பொருளையும். அவை இருப்பது ஸ்டேஷனிலும் ஜி.ஹெச்.சிலும்தான்.

முதலில் எஃப்.ஐ.ஆர். இப்படிப்பட்ட சம்பவங்களில் முதல் புகார் அநேகமாக அரசுத் தரப்பிலிருந்தே வரும். கும்பல் கல்லெறிந்தது, வேறு வழியில்லாமல் சுட்டோம் என்று இருக்கும். செத்தவரும் அந்தக் கும்பலில் ஒருவராகிவிடுவார். மறுநாள் அவருடைய அம்மா மனுவோடு வந்தால், ‘ஏற்கெனவே கேஸ் இருக்கும்மா’ என்று அதோடு சேர்த்து மூடிவிடுவார்கள். இதன் விலை என்னவென்று கேரளத்தின் கூத்துப்பறம்பு வழக்கில் பார்க்கலாம். 1994 நவம்பர் 25 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்த பிறகு, 1997இல் கொலை வழக்குப் பதிந்தார்கள். 2001இல் டி.டி.ஆன்டனி வழக்கில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது: ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். கூடாது. ஆனால் எதிர்த்தரப்பு சொல்லும் மாற்றுப் புகாருக்கு இந்தத் தடை இல்லை என்று 2004இல் உப்கார் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்தத் தாயின் மனுவைத் தனிப் புகாராக, தனி கிரைம் நம்பரில் பதியுங்கள். மனு வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்; குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆம் பிரிவு அதைப் பாதிக்கப்பட்டவரின் உரிமையாக்கியிருக்கிறது.

அடுத்தது, புலனாய்வு யார் கையில் என்பது. போலீஸ் என்கவுன்ட்டர் சாவுகள் பற்றி பி.யூ.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் 16 நெறிமுறைகள் கொடுத்தது. தேர்வுக்கு மட்டுமல்ல, வேலைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டியவை. சி.பி.சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் குழுவோ விசாரிக்க வேண்டும். மேற்பார்வை அதிகாரி, சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். அந்தக் குழு வரும்வரை இடத்தைக் காப்பது மட்டுமே உங்கள் வேலை. நடப்பது என்ன? போக்குவரத்தைச் சீர்செய்கிறோம் என்று தண்ணீர் வண்டியை விட்டு ரோட்டைக் கழுவிவிடுவார்கள். ரத்தம் கலந்த மண், சுவரில் பாய்ந்த குண்டு, காலி கேஸ் (சுட்டபின் விழும் தோட்டா உறை) எல்லாம் அதோடு போய்விடும்.

சுட்ட துப்பாக்கியையும் ஒப்படைக்கச் சொல்கிறது அதே தீர்ப்பு. துப்பாக்கியின் கட்டையில் இருக்கும் பட் எண், யாருக்குக் கொடுத்தது, எத்தனை ரவுண்டு கொடுத்தது, எத்தனை திரும்பியது, எத்தனை காலி கேஸ் என்று ஆயுதக் கிடங்குப் பதிவேட்டில் அன்றே கணக்கு நேராக வேண்டும். தூத்துக்குடியில் ஒரே காவலரைப் பல இடங்களில் சுடவைத்ததை ஆணையம் சுட்டிக்காட்டியது. எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து என்று சொல்ல இந்தப் பதிவேடு இல்லாமல் முடியாது.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். பாதிப் பிழை இங்கேதான். அவசரத்தில் சட்டையை வெட்டும்போது கத்தரி குண்டு போன ஓட்டை வழியாகவே போகும். சட்டை குப்பைக்குப் போகும். தூரத்தைச் சொல்லும் கரித்தடமும் கூடவே போகும். ஓட்டையை விட்டு வெட்டச் சொல்லுங்கள். துணியை நிழலில் உலர்த்தி, காகித உறையில் கட்டுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் பூசணம் பிடிக்கும். பிரேதப் பரிசோதனைக்கு முன் எக்ஸ்ரே எடுத்தால் குண்டு எங்கே என்று தெரியும். அதைப் பல் வைத்த இடுக்கியால் பிடுங்கக் கூடாது, துப்பாக்கிக் குழல் குண்டில் பதித்த வரிக்கோடுகள் மேல் கீறல் விழும். இரண்டு டாக்டர்கள், முழு வீடியோ என்பது பி.யூ.சி.எல். விதி. தூத்துக்குடியில் உடல்களைப் பாதுகாத்து வைக்கும்படி உயர்நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. வீட்டார் உடலை வாங்க மறுத்தால் அவசரப்படுத்தாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக எரிக்கச் சொல்லி ஊர்ப் பெரியவரைத் தூது விடுவது, குற்ற உணர்ச்சி உள்ளவன் செய்யும் வேலை என்றுதான் ஊர் நினைக்கும். நினைப்பதும் நியாயம்தான்.

சாவுச் செய்தியை வீட்டார் டி.வி.யிலோ வாட்ஸ்அப் படத்திலோ பார்க்க விடாதீர்கள். பெயரை உறுதிசெய்துகொண்டு இரண்டு பேர் நேரில் போங்கள், சுட்ட அணியில் இருந்தவர் வேண்டாம். ‘சீரியஸா இருக்காரு, வாங்க’ என்று இழுக்காமல், இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள். உடல் எங்கே, பரிசோதனை எப்போது, யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு செல் நம்பரோடு எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் எதிலும் கையெழுத்து கேட்காதீர்கள். தூத்துக்குடிச் சம்பவத்தின்போது மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தியைத் தடுக்க என்றார்கள்; மகனைத் தேடியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

காயம்பட்டவர் ஜி.ஹெச்.சுக்கு வரவே பயப்படுவார். ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதியும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியே கைதுப் பட்டியலாகும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே வார்டில் காவல் நிற்கிற ஆள் வேறு, வாக்குமூலம் வாங்குகிறவர் வேறு என்று பிரித்துவிடுங்கள். வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டோ மருத்துவ அதிகாரியோதான் பதிய வேண்டும், பேசும் நிலையில் இருக்கிறார் என்ற சான்றோடு. இதுவும் பி.யூ.சி.எல். சொன்னதே. ஏ.ஆரில் ‘கீழே விழுந்து காயம்’ என்று எழுதவைப்பது பழைய தந்திரம். எக்ஸ்ரே அதை ஒரு நாளில் காட்டிக்கொடுத்துவிடும்.

மாஜிஸ்திரேட் விசாரணையில் ஒரு கோளாறு இருக்கிறது. துப்பாக்கிச்சூட்டுச் சாவுக்கு அது கட்டாயம். ஆனால் வழக்கமாக நடத்துவது வருவாய்த் துறை. தூத்துக்குடியில் சுட உத்தரவிட்டதாகக் காகிதத்தில் இருந்தவர்கள் அதே துறையின் துணை வட்டாட்சியர்கள்! நடைமுறை மீறப்பட்டால் வீட்டார் செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் செய்யலாம் என்று பி.யூ.சி.எல். தீர்ப்பில் இருக்கிறது. அதை நீங்களே அவர்களிடம் சொல்லலாம், தவறில்லை. 90 நாளுக்குள் புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிப்பது இப்போது சட்டக் கடமை.

மேலிடம் பற்றிக் கேட்டீர்கள். சட்டத்துக்குப் புறம்பான உத்தரவை மறுக்கலாம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதல் போஸ்டிங்கில் இருக்கிற எஸ்.ஐ. எத்தனை பேரால் முடியும் என்பது வேறு கதை. ஆனால் ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதைப் பதியும் ஜெனரல் டைரி உங்கள் கையில்தான் இருக்கிறது. ரோட்டைக் கழுவச் சொன்னது யார், எத்தனை மணிக்கு, வயர்லெஸ் மைக்கிலா செல்லிலா, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று அன்றே எழுதிவையுங்கள். எஃப்.ஐ.ஆரும் டைரிப் பதிவும் வரைபடமும் தாமதமில்லாமல் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று பி.யூ.சி.எல். சொல்கிறது. அனுப்பியதற்கு ரசீது வாங்கி நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.