ஆற்றங்கரை மரவீடும் அடுப்புப் புகையும்: வாசகர் கேள்வி-பதில்

கே: ஜூனில் அமெரிக்காவின் மொன்டானாவில், வனத்துறை வாடகைக்கு விடும் பழைய மரக்கட்டை கேபினில் 3 இரவு தங்கப்போகிறோம். ஆறு பக்கத்திலேயே ஓடுகிறதாம். புதுப்பித்த வீடு என்கிறார்களே, ஓட்டல் வசதி இருக்குமா? (வாசகி, சியாட்டில்)

ஓட்டல் என்று நம்பிப் போனால் முதல் ராத்திரியே வீட்டில் சண்டை வரும். இவற்றில் பல, வனக்காவலர்கள் தங்குவதற்காகக் கட்டியவை. புதுப்பித்தார்கள் என்றால் பெரும்பாலும் உளுத்த அடிக்கட்டையை மாற்றி, கூரையைச் சரிசெய்திருப்பார்கள். குழாய்த் தண்ணீர் அநேகமாக இருக்காது, கழிப்பறை வெளியே குழிக் கக்கூஸ். மெத்தை உண்டு, போர்வை கிடையாது. முன்பதிவுப் பக்கத்தில் அந்தந்த கேபினுக்கு என்ன உண்டு, என்ன இல்லை என்று போட்டிருக்கும். ஒரு வரி விடாமல் படியுங்கள். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். ஆற்றுநீர் கண்ணாடிபோலத் தெரிந்தாலும் வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா கிருமி இருக்கலாம். தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கட்டும். 2,000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம்.

கே: விறகு அடுப்பைப் பற்றவைத்ததும் அறை முழுக்கப் புகை. ஏன்?

புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கனத்து உட்கார்ந்திருக்கிறது. புகை அதைத் தள்ளி மேலே போக முடியவில்லை. குழாயில் புகை போகும் வழியைத் திறந்து மூடும் டேம்பர் தகட்டை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஜன்னலை ஒரு அங்குலம் திறந்துவையுங்கள். இரண்டு தாள் செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, அடுப்புக்குள் குழாய் வாய்க்கு நேராகப் பிடியுங்கள். சுடர் மேல்நோக்கி இழுபட ஆரம்பித்தால் வழி திறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சுள்ளி. சுள்ளி நன்றாகப் பிடித்தபின் விரல்கனக் குச்சி, கடைசியில் கட்டை. பச்சை விறகு வேண்டவே வேண்டாம். அதன் புகை குழாயின் உள்ளே தார்போலப் படியும். ஒருநாள் அந்தப் படிவே தீப்பிடிக்கும். அப்புறம், சாம்பலை அட்டைப்பெட்டியில் கொட்டிவிடாதீர்கள். உள்ளே தணல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, சுவரிலிருந்து தள்ளி வெளியே வையுங்கள்.

கே: அலமாரியில் எலிப் புழுக்கை கிடந்தால்?

துடைப்பத்தைத் தொடாதீர்கள். நம் கை முதலில் போவது அதற்குத்தான், ஆபத்தும் அதில்தான். அங்குள்ள மான்எலி (deer mouse) என்ற சிறு எலியின் கழிவுத் தூசியை மூச்சில் இழுத்தால் ஹான்டா வைரஸ் தொற்றலாம். நுரையீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே இருங்கள். 1 பங்கு ப்ளீச், 9 பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை நனையத் தெளியுங்கள். 5 நிமிடம் ஊறியதும் ரப்பர் கையுறையோடு காகிதத் துண்டால் துடைத்தெடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கே: கட்டைகளுக்கு நடுவே பூசிய சாந்து விரிசல் விட்டிருக்கிறது. சிமென்ட் வைத்து அடைத்திருக்கலாமே?

அடைத்த வீடுகள்தான் சீக்கிரம் கெட்டன. கட்டை ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். கெட்டிச் சிமென்ட் அதோடு நகராது, ஓரத்தில் பிளந்துகொள்ளும். பிளவில் இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றிக் கட்டையை உள்ளிருந்தே உளுக்கவைக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கட்டையோடு இளகிக்கொடுக்கும் சாந்தைப் பூசுகிறார்கள். விரிசல் விட்டால் சாந்து போகட்டும், மறுபடி பூசிக்கொள்ளலாம்.

கே: பிள்ளைகள் ஆற்றில் இறங்கலாமா?

ஜூனில் வேண்டாம். பகலில் உருகும் பனி, மலையிறங்கி வந்துசேர மாலையோ இரவோ ஆகிவிடும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய இடத்தில் அப்போது இழுப்பே வேறு.