குழந்தைகளைப் பிடிக்கும், அது மட்டும் போதுமா?

உளவியல் முதுகலை முடிக்கப் போகிறேன், ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு) உள்ள குழந்தைகளோடு வேலை பார்க்க ஆசை, குழந்தைகள் என்றால் எனக்கு உயிர், இந்தத் துறை சரிப்பட்டு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடிப்பது நல்லதுதான். ஆனால் அதிகம் பேசப்போவது பெரியவர்களோடு. பதினைந்து வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், என் நேரத்தில் பாதிக்கு மேல் பெற்றோர், ஆசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட் என்று பேசுவதிலும் ரிப்போர்ட் எழுதுவதிலுமே போகிறது. ரிப்போர்ட் என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும்.

நான் சொதப்பிய கதை ஒன்று சொல்கிறேன். ஏழு வயதுப் பெண் குழந்தை, ஆட்டிசம். தினமும் காலை இடைவேளை நெருங்கும்போது பக்கத்தில் இருப்பவர்களை அடிக்கிறாள் என்று புகார். ஆசிரியர் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்துவிட்டு, அடிக்காத நாளுக்கு ஒரு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு பரிசு என்று அழகாக ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அவள் வாங்கியது மூன்று நட்சத்திரம். அப்புறம்தான் நேரில் போய் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள், தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், மின்சார மணி சரியாக அவள் தலைக்கு மேலே! இடத்தை மாற்றினோம், மணி அடிப்பதற்கு முன்னால் காதடைப்பானை மாட்டிக்கொள்ளச் சொன்னோம், சில நாளில் அடிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஒரு குழந்தை பயந்து போயிருந்ததற்கு நான் இரண்டு மாதம் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றுவரை உறுத்துகிறது.

பெற்றோர் பக்கம் இதைவிடக் கனமானது. அசெஸ்மென்ட் முடிந்து முடிவைச் சொன்னதும் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி சிகிச்சையைப் பற்றி இருக்காது, "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றுதான் இருக்கும். அம்மாவின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் எங்கள் துறையே சொல்லிக்கொண்டிருந்தது. உளவியலாளரும், ஆட்டிசம் உள்ள மகனின் அப்பாவுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே அதை மறுத்து, காரணம் உடல் சார்ந்தது என்று புத்தகமே எழுதினார், ஆனாலும் அந்த மிச்சம் இன்னும் உறவினர்கள் வாயில் இருக்கிறது. இந்தக் கேள்வி வந்தால் கையில் இருக்கும் பேப்பரைக் கீழே வைத்துவிடுங்கள். அன்றைக்கு வேறு எதைச் சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது.

இன்னொன்று, குழந்தையின் படிவத்தை நிரப்பும்போது அப்பாவோ அம்மாவோ பேனாவை நிறுத்திவிட்டு "இதெல்லாம் எனக்கும் இருக்கே" என்பார்கள். சிரிக்காதீர்கள், பல நேரம் சரியாகத்தான் இருக்கும். இவையெல்லாம் குடும்பங்களில் தொடர்ந்து வருவது சகஜம். போதாததற்கு, ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம் என்பதை மனநல நிலைகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேட்டின் 2013-ல் வந்த பதிப்பான டிஎஸ்எம்-5தான் ஏற்றுக்கொண்டது, அதற்கு முந்தைய பதிப்பு இரண்டையும் ஒன்றாக எழுத விடவில்லை. அதனால் பாதி விடையோடு வளர்ந்த பெரியவர்களும் உண்டு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலை தேடுவதற்கு முன் நாலைந்து மாதம் ஏதாவது வகுப்பறையில் உதவியாளராக இருந்து பாருங்கள். சொன்னதையே திரும்பச் சொல்லும் குழந்தையோடு, கேள்வியே கேட்காமல் அரை மணி நேரம் தரையில் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வாருங்கள், படிவம் நிரப்புவதையெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

அந்தப் பெண் இப்போது வளர்ந்துவிட்டாள். போன வாரம் வந்தவள், என் அறைக் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.