பிள்ளைக்காம்பராவும் பென்சிலும்: டீச்சர் பதில்கள்

கேள்வி (மஸ்கெலியா): டீச்சர், நாலு மாசப் புள்ளைய தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல (வேலை நேரத்துல புள்ளைங்களப் பார்த்துக்குற எடம்) விட்டுட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறேன். பால் குடுக்க எறங்கி வந்தா வேலையப் பார்த்துக்குற கங்காணி மொகத்தச் சுளிக்கிறார்.

பதில்: தங்கச்சி, அது யாரும் போடுற பிச்சை இல்ல. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்துல இருக்கு. புள்ளைக்கு ஒரு வயசு ஆகும்வரை வேலை நேரத்துல ரெண்டு தடவ பால் குடுக்கப் போகலாம். பிள்ளைக்காம்பரா இருந்தா ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், இல்லன்னா ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்துல இதைக் கழிக்கக் கூடாது. மறுத்தா தொழிற்சங்கத்துக்கிட்டச் சொல்லுங்க, தனியா நின்னு வாதாட வேணாம்.

மலை ரொம்பத் தூரமா? காலைல கையால பீச்சி, கொதிக்க வச்ச மூடிப் பாத்திரத்துல ஊத்தி, பிள்ளைக்காம்பரா ஆயம்மாகிட்டக் குடுங்க. வெளியில வச்சா நாலு மணித்தியாலத்துக்குள்ள குடுத்து முடிக்கணும். கப்புலதான், போத்தல் வேணாம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். சீனித் தண்ணி, பிஸ்கட் கரைசல் எதுவும் கூடாது.

கேள்வி (பொகவந்தலாவ): மூணு வயசாகுது, அ, ஆ எழுத மாட்டேங்குறான்.

பதில்: நல்லது. பென்சில திணிக்காதீங்க. மண்ணு பெசையட்டும், கொட்டை பொறுக்கட்டும், விரல் பலப்படும். லயத்துப் (தோட்டத்து வரிசை வீடு) படியில எறங்கும்போது ஒண்ணு, ரெண்டுன்னு கூட எண்ணுங்க.

கேள்வி (தலவாக்கலை): ரெண்டரை வயசு, ஒரு சொல்லும் வரல.

பதில்: காத்திருக்காதீங்க. குடும்ப நல மிஸ்கிட்ட (மருத்துவ மாது) இந்த வாரமே சொல்லி, காது கேக்குதான்னு முதல்ல பார்க்க வையுங்க.

கேள்வி (நோர்வூட்): கிளினிக்ல குடுக்குற திரிபோஷா சத்துமாவ வீட்டுல எல்லாரும் சாப்பிடுறோம், தப்பா?

பதில்: பசிக்குக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எடை குறைஞ்ச புள்ளையோட பங்கு அது.

கேள்வி (ஹட்டன்): நகரத்து இங்கிலீஷ் நேசரில (பாலர் பள்ளி) சேர்க்கலாமா? மாசக் காசு கடன் வாங்கித்தான் கட்டணும்.

பதில்: கடன் வாங்கி வேணாம். வீட்டுல பேசுற தமிழ்ல கதை சொல்லத் தெரிஞ்ச புள்ளை இங்கிலீஷையும் நல்லாப் புடிச்சுக்கும்.

அதே அப்பா: எங்கப்பாகிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க. நான் இன்னும் லயத்துலதான். இங்கிலீஷ் தெரிஞ்சவன் கொழும்புக்குப் போயிட்டான்.

பதில்: தம்பி, அந்த வலி எனக்குத் தெரியும், நானும் லயத்துல பொறந்தவதான். இங்கிலீஷ் வேணாம்னு சொல்லல. புள்ளை சிரிச்சுட்டுப் போய், பேசாம திரும்பி வர்ற நேசரியத்தான் வேணாங்குறேன். நேசரியப் பார்க்கப் போகும்போது, அங்க டீச்சர் புள்ளைகிட்டக் குனிஞ்சு பேசுறாரா, எத்தனை புள்ளைக்கு ஒருத்தர், வெளையாட எடம் இருக்கான்னு பாருங்க. சீருடையப் பார்க்காதீங்க.

இன்னொருவர்: பிள்ளைக்காம்பரான்னு சொல்லாதீங்க டீச்சர். சிறுவர் அபிவிருத்தி நிலையம்.

பதில்: பலகையில எழுதியிருக்கு, படிச்சேன். எங்கம்மா சொன்ன பேரை நான் மாத்தல. கூரை ஒழுகாம இருந்தா எந்தப் பேரும் சரி.

கேள்வி (கொட்டகலை): முதலாம் வகுப்புக்கு வயசுக் கணக்கு?

பதில்: பள்ளிக்கூட அதிபர்கிட்டக் கேளுங்க.

கேள்வி (டிக்கோயா): மூணு வயசு, இன்னும் எழுதலயே…

பதில்: பொகவந்தலாவைக்குச் சொன்ன பதிலைப் பாருங்க. அந்தப் பென்சில எங்கிட்ட அனுப்பிடுங்க.