அமெரிக்க வளாகங்களில் யூத மாணவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் படிக்கும் வாசகர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், உடன் படிக்கும் யூத மாணவர்களைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகள் முதலாண்டு மாணவி. வகுப்புத் தோழி அவளை ‘ஹில்லெல்’ என்ற இடத்துக்கு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறாள். அது என்ன இடம்? யூதர் அல்லாதவர் போகலாமா? ஏதாவது செய்து எடுத்துப் போக வேண்டுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் வீட்டில் சமைத்த எதையும் எடுத்துப் போக வேண்டாம்.

ஹில்லெல் என்பது யூத மாணவர் மையம். 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பிராங்கல் என்ற இளம் ரப்பி (யூத மதகுரு) தொடங்கியது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்த அறிஞர் ஒருவரின் பெயர் அது. இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இயங்குகிறது. வெள்ளி இரவு ‘ஷபாத்’ (வாராந்தர ஓய்வுநாள்) விருந்துதான் அங்கே வாரத்தின் மையம்.

சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு விளக்கேற்றி ஷபாத் தொடங்கும். சனிக்கிழமை நட்சத்திரங்கள் தெரியும்போது முடியும். ஏறக்குறைய 25 மணி நேரம். அந்த நேரத்தில் சமைக்கக் கூடாது. அதனால்தான் பல மையங்கள் முன்கூட்டியே பெயர் பதியச் சொல்கின்றன. கடைசி நிமிடத்தில் வருபவர்களுக்காக அடுப்பு மூட்ட முடியாது. மகளைப் பதியும்போதே ‘சைவம்’ என்று குறிப்பிடச் சொல்லுங்கள். முதலில் வரும் சூப் பெரும்பாலும் கோழி சூப். அதில் மிதக்கும் மாட்ஸா (புளிக்காத ரொட்டி) மாவு உருண்டை சைவம்போலத் தெரியும், ஆனால் கிடப்பது கோழிச் சாற்றில்.

வீட்டுச் சமையல் ஏன் கூடாது என்றால், அந்தச் சமையலறை ‘கோஷர்’ என்ற யூத உணவு விதிப்படி நடப்பது. வெளிப் பாத்திரத்தில் சமைத்ததை உள்ளே வைக்க முடியாது. பூ கொடுக்க விரும்பினால் சூரியன் மறையும் முன் கொடுத்துவிடட்டும்.

மேசையில் முதலில் பாட்டு, பிறகு திராட்சை ரசத்தின் மீது ஆசி. அடுத்து எல்லோரும் எழுந்து, இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் முதலில் வலக்கையிலும் பிறகு இடக்கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ரொட்டி ஆசி முடியும்வரை யாரும் பேசமாட்டார்கள். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான்: ‘கோபமோ?’ என்று நினைத்துப் பேச்சுக் கொடுப்பார்கள், எதிரே இருப்பவர் தலையை மட்டும் ஆட்டுவார். ஓரிரு நிமிடம் பொறுத்தால் போதும். துணியால் மூடியிருக்கும் இரண்டு பின்னல் ரொட்டிகளைத் திறந்து, வெட்டி, உப்பில் தொட்டுக் கொடுப்பார்கள். பிறகு பேச்சும் சிரிப்பும் தானாக வரும்.

ஷபாத்தில் மின்கருவிகளை இயக்கமாட்டார்கள்; போன் பையிலேயே இருக்கட்டும், படம் எடுக்க வேண்டாம். இறைச்சி பரிமாறிய மேசையில் பால் காபி கேட்கவும் வேண்டாம்; கோஷர் விதியில் இறைச்சியும் பாலும் சேரக்கூடாது.

கேள்வி: ஹில்லெலுக்கும் ‘ஹபாத்’ வீட்டுக்கும் என்ன வேறுபாடு? மதம் மாற்றுவார்களா?

பதில்: மாற்றமாட்டார்கள், பிறரை மதம் மாற்றத் தேடிப்போவது யூத மரபில் இல்லை. ஹில்லெல் எல்லாப் பிரிவு யூத மாணவர்களுக்கும் பொது; ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று விதமான வழிபாடுகள் நடக்கும். பழைய விதிகளை அப்படியே கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் வழிபாட்டில் பத்து ஆண்கள் கூடினால்தான் முழுப் பிரார்த்தனை. மற்றப் பிரிவுகளில் பெண்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். ஹபாத் ஒரு ஹசிடிக் இயக்கம், அதாவது பக்தியை முன்வைக்கும் ஆர்த்தடாக்ஸ் மரபைச் சேர்ந்தது. வளாகத்தை ஒட்டி ரப்பியும் மனைவியும் குழந்தைகளோடு குடியிருந்து, தங்கள் வீட்டு மேசையிலேயே மாணவர்களுக்குச் சாப்பாடு போடுவார்கள். வளாகத்தில் முதல் ஹபாத் வீடு 1969இல் லாஸ் ஏஞ்சலிஸில், யுசிஎல்ஏ (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அருகே தொடங்கியது. பல மாணவர்கள் இரண்டு இடத்துக்கும் போவார்கள்.

கேள்வி: என் அறைத்தோழர் கோஷர் கடைப்பிடிப்பவர். நான் சுத்த சைவம். பிறகு ஏன் என் பாத்திரத்தைத் தொடத் தயங்குகிறார்? சமையலறையை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

பதில்: ‘இறைச்சி இல்லையென்றால் கோஷர்தான்’ என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது, அது தவறு. பாலாடைக் கட்டியை உறையவைக்கும் ரென்னெட் மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். திராட்சை வினிகருக்குத் தனி விதி உண்டு. கீரையிலும் காலிஃபிளவரிலும் பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூட்டில் பாத்திரம் உணவின் சுவையை உறிஞ்சிவைத்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய விதி. உங்கள் வாணலியில் நேற்று உருகிய சீஸ் இன்றைய பருப்பிலும் இருப்பதாகக் கணக்கு.

எனவே பாத்திரம், கரண்டி, தேய்க்கும் பஞ்சு ஆகிய மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமே இரண்டு செட் இருக்கும், இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. வழக்கமாக இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்று அடையாளம் ஒட்டுவார்கள். தொட்டியில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். பொது மைக்ரோவேவில் அவர் தன் உணவை இரண்டு உறையில் மூடிச் சூடாக்கிக்கொள்ளலாம். அவருக்கு ஏதாவது கொடுக்க ஆசையா? நறுக்காத பழம் கொடுங்கள். அல்லது கோஷர் முத்திரையுள்ள பாக்கெட்டைப் பிரிக்காமல் கொடுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘யு’ எழுத்து மிகப் பரவலான முத்திரை. பக்கத்தில் ‘டி’ இருந்தால் அது பால் வகையில் சேரும்.

ஒருநாள் தெரியாமல் அவருடைய இறைச்சிக் கரண்டியால் கொதிக்கும் பால் டீயைக் கலக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கழுவி, சத்தமில்லாமல் திரும்ப வைப்பதுதான் செய்யக்கூடாத காரியம். உடனே சொல்லிவிடுங்கள். டீ கொதித்ததா ஆறியிருந்ததா, அந்தக் கரண்டி கடந்த 24 மணி நேரத்தில் சூடான இறைச்சியில் பட்டதா என்று அவர் ரப்பியிடம் கேட்டு வழி தேடிக்கொள்வார். பல நேரம் கரண்டியைக் கொதிநீரில் முக்கி எடுத்தாலே சரியாகிவிடும். மறைத்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும், நட்பும் கெடும்.

ஷபாத் இரவில் இன்னொன்று. அவர் எரியவிட்டிருக்கும் குளியலறை விளக்கைப் பழக்க தோஷத்தில் அணைத்துவிடாதீர்கள். மறுபடி போட அவருக்கு அனுமதியில்லை, ‘போடு’ என்று உங்களிடம் கேட்கவும் தயங்குவார். உங்கள் தேவைக்கு நீங்கள் போட்ட விளக்கின் வெளிச்சத்தில் அவர் படிக்கலாம். மின் அட்டையால் திறக்கும் விடுதிக் கதவும் இதே சிக்கல்தான். சாதாரணச் சாவி கிடைக்குமா என்று விடுதி அலுவலகத்தில் அவர் அறை ஒதுக்கும்போதே கேட்பது நல்லது. வெள்ளி மாலை கேட்டால் யாரும் இருக்கமாட்டார்கள்.

வசந்தகாலப் பண்டிகையான பாஸ்காவின் எட்டு நாளும் விதி இறுகும். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் புளித்தது எதுவும் ஆகாது. அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய) மரபினர் பலர் அரிசியும் பருப்பும்கூடத் தொடமாட்டார்கள். செபார்டி (ஸ்பெயின் வழிவந்த) மரபினரில் பலர் சாப்பிடுவார்கள். உங்கள் பெருங்காயத் தூளைக்கூட மூடிய அலமாரிக்குள் வையுங்கள். பெரும்பாலும் அதில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

கேள்வி: மாணவர் சங்கப் பொறுப்பில் இருக்கிறேன். யூத மாணவர் சங்கத்தோடு சேர்ந்து விழா நடத்த விருப்பம். தேதி குறித்தாலே ஏதாவது பண்டிகை குறுக்கே வருகிறது. எப்படிப் பார்ப்பது?

பதில்: நாள்காட்டியைத் தப்பாகப் படிப்பதால் வரும் வினை இது. யூத நாள் சூரியன் மறைவில் பிறக்கிறது. பல காலண்டர்களில் பகல் தேதி மட்டுமே இருக்கும். அதற்கு முந்தின மாலையே பண்டிகை தொடங்கிவிடும். ‘யோம் கிப்பூர் நோன்பு 21ஆம் தேதிதானே, 20 மாலை வைத்துக்கொள்வோம்’ என்று மண்டபம் பிடித்தால், உண்ணாநோன்பு தொடங்கும் நேரத்தில் விருந்து வைத்தவர்களாகிவிடுவீர்கள்.

2026இல் ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு) செப்டம்பர் 11 மாலை முதல் 13 இரவு வரை. யோம் கிப்பூர் நோன்பு செப்டம்பர் 20 மாலை முதல் 21 இரவு வரை. சுக்கோத் (கூடாரப் பண்டிகை) செப்டம்பர் 25 மாலை தொடங்கும். 2027இல் பாஸ்கா ஏப்ரல் 21 மாலை முதல் 29 இரவு வரை. ஆண்டுதோறும் தேதி நகர்வதற்குக் காரணம் சந்திர மாதக் கணக்கு; நம் பஞ்சாங்கத்தின் அதிக மாதம்போல, 19 ஆண்டுக்கு ஏழு முறை ஒரு மாதம் கூடும்.

வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் பாதுகாப்பான மாலைகள். சனி இரவும் வைக்கலாம், ஆனால் கோடையில் ஷபாத் முடியவே ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும்.

தேர்வு மோதினால், பாடத்திட்டம் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே பேராசிரியருக்குத் தேதிகளைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். நியூயார்க் மாநிலக் கல்விச் சட்டம் 224-ஏ பிரிவின்படி, மத நம்பிக்கையால் வரமுடியாத மாணவருக்குக் கூடுதல் கட்டணமின்றி வேறு நாளில் தேர்வெழுத வாய்ப்புத் தர வேண்டும்.

கேள்வி: இலையுதிர்காலத்தில் வளாகப் புல்வெளியில் கூரையில்லாததுபோல ஒரு குடில் போடுகிறார்கள். கட்ட உதவலாமா?

பதில்: அது சுக்கா, கூடாரப் பண்டிகைக் குடில். கைகொடுத்தால் மகிழ்வார்கள். குறைந்தது இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் ஒரு பகுதியும் வேண்டும். கூரை மண்ணில் விளைந்து வெட்டப்பட்ட பொருளாக இருக்க வேண்டும்: மூங்கில், ஓலை, மரக்கிளை. வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும். இரவில் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. சுவர் எழுந்த பிறகுதான் கூரை, வரிசை மாறக்கூடாது. மரத்தடி நிழலான இடம் என்று அங்கே போட்டுவிடாதீர்கள். மேலே கிளை மூடினால் செல்லாது.

அடிக்கடி கெடுவது துணிச் சுவர். காற்றில் அது படபடத்து ஆடினால் சுவராகக் கொள்ளமாட்டார்கள். அதற்குத்தான் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்வரை பட்டைகளைக் கிடையாக இழுத்துக் கட்டுவது. இடைவெளி மூன்று கைப்பிடி அகலத்துக்குள், அதாவது 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, இருக்க வேண்டும். அப்போது பட்டைகளே சுவராகக் கணக்காகும். குடிலின் சட்டகம் உலோகமாக இருந்தால், மேலே மரச் சட்டம் வைத்து அதன்மேல் மூங்கிலைப் பரப்புங்கள். வளாகத் தீயணைப்புப் பிரிவின் அனுமதியைச் சில வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்.