வெட்டாமல் வாசியுங்கள்

அன்புள்ள ஐயா,

‘கனடியன் குரூசோஸ்’ நாவலை என் பத்து வயது மகளுக்கு இரவுகளில் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிக்கிறேன். காட்டில் வழிதவறிய மூன்று பிள்ளைகளை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் செவ்விந்தியர்களைக் காட்டுமிராண்டிகளாகப் பேசும் இடங்களும், அடிக்கடி வரும் மத உபதேசமும் எனக்கு உறுத்துகின்றன. அவற்றை வெட்டிவிட்டுச் சொல்லலாமா? இல்லை, புத்தகத்தையே மூடிவிடலாமா?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

மூடாதீர்கள். உபதேசம் நீளும் இடங்களில் வேண்டுமானால் வேகமாகப் பக்கம் புரட்டுங்கள். பழங்குடிகளைப் பற்றிய சொற்களை மட்டும் வெட்டாதீர்கள்.

இதை எழுதிய கேத்தரின் பார் ட்ரெயில் 1832-இல் இங்கிலாந்திலிருந்து கணவரோடு கனடாவுக்குக் குடியேறியவர். காட்டைத் திருத்தி வீடு கட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவர். அதே காட்டின் செடிகொடிகளை வாழ்நாள் முழுக்கக் கவனித்து எழுதியவரும் அவர்தான். 1852-இல் லண்டனில் வெளியான இந்த நாவலை ரைஸ் ஏரிச் சமவெளியில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். காட்டுக்குள் போன பிள்ளை திரும்பாமல் போவது அங்கே உண்மையான பயம். கதையின் மூன்று பிள்ளைகளான ஹெக்டரும் லூயியும் கேத்தரினும் கையில் ஏறக்குறைய எதுவுமில்லாமல் பிழைக்கும் விதத்தை அவர் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்வது அதனால்தான்.

தலைப்பில் குரூசோ இருக்கிறார். ஆனால் 1719-இல் வந்த டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ கதையில், தீவில் ஒதுங்கிய குரூசோ கற்பிப்பவர், அவர் ‘வெள்ளிக்கிழமை’ என்று பெயரிட்ட பழங்குடி ஆள் கற்பவன். இங்கே அது தலைகீழாகிவிடுகிறது. மலைமேல் கட்டிப்போடப்பட்டுக் கிடக்கும் மோஹாக் பழங்குடிப் பெண்ணை ஹெக்டர் மீட்டுவந்த பிறகு, காட்டில் வாழும் வித்தைகளை அவள்தான் அவர்களுக்குக் கற்றுத்தருகிறாள்.

அரிசி அறுவடையைப் பாருங்கள். ஏரித் தண்ணீருக்குள் தானாக விளையும் காட்டரிசி அது. புல் குடும்பம்தான் என்றாலும் நம் நெல்லின் இனமல்ல. அங்குள்ள பழங்குடிகளின் ஒஜிப்வே மொழியில் மனோமின் என்பார்கள். அரிவாள் கிடையாது. ஒருவர் படகைக் கழியால் மெல்லத் தள்ள, இன்னொருவர் ஒரு கோலால் கதிர்களைப் படகுக்குள் வளைத்து மற்றொரு கோலால் தட்டுவார். முற்றிய மணி மட்டும் உதிரும். தண்ணீரில் சிந்துவது அடுத்த ஆண்டுக்கு விதை. பிறகு வறுத்து, மிதித்து, உமி நீக்க வேண்டும். இத்தனையும் அறிந்தவர்களைத்தான் அந்தப் புத்தகம் நாகரிகமற்றவர்கள் என்கிறது! உபதேசம் ஒன்று சொல்கிறது, சோறு வேறொன்று சொல்கிறது. ட்ரெயில் இதை உணர்ந்தே எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. கண்ணால் பார்த்ததை மறைக்காமல் எழுதிவிட்டார், அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்தச் சொற்களை நீங்கள் வெட்டிவிட்டால் உங்கள் மகள் இந்த முரணைப் பார்க்கவே முடியாது.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு ‘இந்தியானா’ என்று பெயர் வைப்பது இந்தப் பிள்ளைகள்தான். கடைசியில் அவளை ஞானஸ்நானம் செய்வித்து ஹெக்டருக்கு மணமுடித்தும் வைக்கிறார் ட்ரெயில். எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. அவ்வளவு தெரிந்த ஒருத்தியைத் தங்களைப்போல ஆக்கினால்தான் ஏற்றுக்கொள்ள முடிகிறது அவர்களால். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

அந்த ரைஸ் ஏரி கற்பனையல்ல, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அணை கட்டி நீர்மட்டம் உயர்ந்ததில் அங்கே காட்டரிசி பெருமளவு அழிந்துபோயிற்று. ஆனால் ஹியாவாதா, ஆல்டர்வில் என்ற ஊர்களில் மிஸ்ஸிஸாகா பழங்குடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். வரைபடத்தில் அந்த இடங்களை மகளுக்குக் காட்டுங்கள்.

மலைமேல் அந்தப் பெண் கட்டுண்டு கிடக்கும் காட்சியை மட்டும் இரவில் வேண்டாம், பகலில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.