கேமராவுக்கு வெளியே இழுக்கிற கேபிள்: நெல்லைப் பக்கக் கேள்விகளும் பதில்களும்

கண்காணிப்புக் கேமராவுக்காக வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகிற நெட்வொர்க் கேபிளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. கேட் 5இ, கேட் 6 இரண்டும் அந்தக் கேபிளின் ரகங்கள்; உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் இருக்கும். ஆள் பேர் இல்லை, ஊர் பேர் மட்டும்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, கடையில கேட் 6 பெட்டி ரெண்டு காட்டுதாங்க. ரெண்டும் 305 மீட்டர். ஒண்ணு மத்ததுல பாதி விலைதான். எதை எடுக்க?

பாதி விலைன்னாலே உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சுன்னு சந்தேகப்படுங்க. இதைத்தான் சி.சி.ஏ.ம்பாங்க. பெட்டியில பொடி எழுத்துல இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். ஒரு கம்பியை உரிச்சு பிளேடால நல்லா சுரண்டுங்க. சுரண்டின இடம் வெள்ளையா மின்னினா அலுமினியம். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். கேட் 6 முழுப் பெட்டியில செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோ பக்கம் வரும். சி.சி.ஏ.வுல உலோகம் ரெண்டரைக் கிலோகூடத் தேறாது.

படம் வருதேன்னு ஏமாறக் கூடாது. கேமராவுக்கு மின்சாரமும் இதே கம்பியிலதான் போகுது. சி.சி.ஏ.வுக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். போதாததுக்கு, நாலு தடவை வளைச்சா கிரிம்ப் பண்ணின (பிளக்கை நசுக்கிப் பொருத்தின) இடத்துலயே ஒடியும். ஏற்கனவே இழுத்தாச்சுன்னா, ஒரு முனையில ஒரு ஜோடியைச் சேர்த்து முறுக்கிட்டு, மறுமுனையில மல்டிமீட்டர் வைங்க. 50 மீட்டர் கேட் 6 செம்புன்னா 7 ஓம் பக்கம் காட்டும். 11 காட்டினா விஷயம் தெரிஞ்சு போச்சு.

4 மெகாபிக்சல் கேமரா சாதாரணமா 10 எம்.பி.பி.எஸ்.ஸுக்குள்ளதான் கேக்கும். அதுக்குக் கேட் 5இ போதும். கேட் 6 வாங்கச் சொல்றது வேகத்துக்காக இல்ல, கம்பி தடிமனா இருக்குங்கிறதுக்காக. போலி கேட் 6-ஐ விட அசல் செம்புக் கேட் 5இ எவ்வளவோ மேல்.

அம்பாசமுத்திரம்: தொழுவுல ஒரு கேமரா, வீட்லருந்து 50 மீட்டர். கேட் 5இ கேபிள்ல நீல ஜோடி வழியா 12 வோல்ட் அனுப்புதோம். பகல்ல ஓடுது. ராத்திரி அணைஞ்சு அணைஞ்சு வருது. கேமரா கோளாறா சார்?

கேமராவை மாத்திராதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. கேட் 5இ செம்புக் கம்பி ஒண்ணுக்கு 100 மீட்டருக்கு எட்டரை ஓம். உங்களுக்குப் போக 50, வர 50, ஆக அதே எட்டரை. பகல்ல கேமரா 0.3 ஆம்பியர் எடுத்தா வழியில இரண்டரை வோல்ட் போகும். மிச்சம் ஒன்பதரையில எப்படியோ சமாளிக்குது. இருட்டினதும் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், 0.6 ஆம்பியர் ஆயிரும். அப்ப 5 வோல்ட் வழியிலேயே போயிருது. 7 வோல்ட்ல கேமரா சாகும். செத்ததும் சுமை குறையும், வோல்ட் ஏறும், மறுபடி உயிர் வரும், விளக்கு எரியும், மறுபடி சாகும். விடிய விடிய இதே கூத்து.

48 வோல்ட் பி.ஓ.இ.க்கு மாறுங்க, அதாவது படம் போற கேபிள்லயே மின்சாரத்தையும் சேர்த்து அனுப்புற முறை (Power over Ethernet). அதே 7 வாட்டுக்கு 0.15 ஆம்பியர் போதும். போக ரெண்டு கம்பி, வர ரெண்டு கம்பி, இழப்பு ஒரு வோல்ட்கூட வராது. கேமரா 12 வோல்ட் மட்டும் ஏத்துக்கும்னா, தொழுவு முனையில 12 வோல்ட் தர்ற பி.ஓ.இ. ஸ்ப்ளிட்டர் ஒண்ணு மாட்டினா முடிஞ்சது.

வீரவநல்லூர்: வீட்டுக்குள்ள போட்ட வெள்ளைக் கேபிள் மிச்சம் இருக்கு. தட்டட்டி மேல போடலாமா?

வேண்டாம். உள்வீட்டுக் கேபிளோட பி.வி.சி. உறை வெயில்ல காஞ்சு வெடிக்கும். வெடிப்புல இறங்கின தண்ணி கேபிளுக்குள்ளேயே ஊர்ந்து ரெக்கார்டர் வரைக்கும் வரும். வெளியே போடக் கறுப்பு பாலிஎத்திலீன் உறை உள்ளதுதான். வெள்ளைதான் கையில இருக்குன்னா முழுத் தூரமும் பைப்புக்குள்ள விடுங்க. பைப்போட பள்ளமான இடத்துல அடிப்பக்கம் 4 மில்லிமீட்டர் துளை ஒண்ணு போடுங்க. போடலைன்னா அய்ப்பசி மழையில பைப்பே தொட்டியாயிரும்.

உவரி: அண்ணாச்சி, கடலுக்குப் பக்கத்துல வீடு. ஆர்.ஜே.45 முனை (கேபிள் நுனியில இருக்கிற பிளக்) கொஞ்ச மாசத்துலயே பச்சை பிடிச்சுப் போகுது. சிலிக்கான் வச்சு அடைச்சும் பாத்தாச்சு.

உப்பு ஈரம் மட்டும் காரணம் இல்ல. ஈரம் பட்ட முனையில பி.ஓ.இ.யோட 48 வோல்ட் டி.சி. மின்சாரமும் நின்னுக்கிட்டே இருக்கு. அது மின்முலாம் பட்டறை மாதிரி செம்பைக் கரைக்கும். கட்டடத்துக்கு அடிக்கிற சிலிக்கான்ல சில வகை புளிச்ச காடி வாடை அடிக்கும். அந்த அமிலமே செம்பை அரிக்கும், அதைக் கனெக்டர் பக்கம் கொண்டுபோகாதீங்க.

கேமராவுக்கு அடியில ஜங்ஷன் பாக்ஸ் வச்சு, இணைப்பு முழுக்க அதுக்குள்ள போகணும். கேமராவோட வர்ற ரப்பர் வளையம், மூடி எதையும் தூரப் போடாதீங்க. கேபிளை முதல்ல மூடி வழியா நுழைச்சிட்டு, பிறகுதான் கிரிம்ப் பண்ணணும். வரிசை மாறினா வெட்டிட்டு மறுபடி ஆரம்பிக்கணும். பின்களில் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுங்க. பாக்ஸுக்குள்ள கேபிள் கீழ்ப்பக்கமா நுழையணும். நுழையறதுக்கு முன்னால ஒரு சாண் கீழே தொங்கி மேலே ஏறணும், அப்பத்தான் தண்ணி அந்த வளைவுலயே சொட்டும். சுவர்ல துளை போட்டா வெளிப்பக்கம் தாழ்வா இருக்கட்டும்.

மானூர்: ரெண்டு முனையிலயும் கலர் வரிசை ஒண்ணா இருந்தா போதுமா?

அது போதாது. இஷ்டத்துக்கு ஒரே வரிசை வச்சா ஜோடி பிரிஞ்சு போகும். டெஸ்டர்ல எட்டு விளக்கும் எரியும், தூரத்துல படம் விட்டு விட்டு வரும். ரெண்டு முனையிலயும் இந்த வரிசை வைங்க: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கை ஒரு சென்டிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க.

களக்காடு: வீட்லருந்து பம்புசெட்டு ரூமுக்கு வாழை வழியா 160 மீட்டர். இடி இடிச்சா நெட்வொர்க் சுவிட்சு, கேமரா ரெண்டும் போயிருது.

செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, உங்க தூரம் அதையே தாண்டிட்டு. அதைவிட முக்கியம், ரெண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். பக்கத்துல இடி விழுந்தா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வர்ற மின்னழுத்த வித்தியாசம் உங்க கேபிள் வழியாத்தான் பாயும். இங்க ஃபைபர்தான் வழி, அது கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. சிங்கிள் மோட் கேபிளும், ஏ ஒண்ணு பி ஒண்ணா ஒரு ஜோடி மீடியா கன்வர்ட்டரும் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கிற பெட்டி) வாங்குங்க. ரெண்டும் ஏ-ன்னா பேசாது. மேலே தொங்கவிடுற ஃபைபர்ல பெரும்பாலும் ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும். அதை ரூமுக்குள்ள கொண்டுவராம வெளியிலேயே வெட்டிருங்க. விட்டா இடிக்கு நீங்களே வழி வச்ச மாதிரி.

மண்ணுல புதைச்சா ரெண்டு அடி ஆழம், ஒட்டு இல்லாத எச்.டி.பி.இ. பைப் சுருள். வாழைக்கு வெட்டுற மண்வெட்டிக்கு ஒன்றரை அடி பெரிய விஷயம் இல்ல. சித்திரையில வெடிக்கிற கரிசல் மண்ணா இருந்தா ஒட்டுப் போட்ட பி.வி.சி. இழுபட்டுக் கழண்டுரும். பம்புசெட்டு ரூம்ல சின்ன யு.பி.எஸ். ஒண்ணு வைங்க. சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு ஏறுற மின்னழுத்தத்தைத் தடுக்கிற கருவி) வச்சா எர்த்தோட சேருங்க, எர்த் இல்லாம மாட்டினா அது வெறும் டப்பா.

வள்ளியூர்: வீட்டுக்கும் எதிர் ஷெட்டுக்கும் நடுவுல மேலே தொங்கவிடணும். ஆடிக் காத்துக்கு நிக்குமா?

கேபிளைத் தனியா தொங்கவிட்டா நிக்காது. முதல்ல ஜி.ஐ. கம்பியை இழுத்துக் கட்டி, அரை மீட்டருக்கு ஒண்ணா கறுப்பு டை போட்டு அதுல கேபிளைக் கட்டுங்க. வெள்ளை டை வெயில்ல ஒடிஞ்சு உதிரும். டையை இறுக்கி நசுக்காதீங்க, கேபிள் லேசா நகரணும்.

தென்காசி: கரண்டு வயர் போற பைப்லயே விடலாமா? அணில் வேற கடிக்குது.

கரண்டு வயரோட ஒரே பைப்ல கூடவே கூடாது. பக்கவாட்டுல போனா ஒரு அடி விலகணும், குறுக்கே போனா நேர்க்குறுக்கா. அணிலுக்குத் தனிப் பைப்தான் மருந்து. 20 மில்லிமீட்டர்ல ரெண்டு கேபிள், 25-ல நாலு, அதுக்கு மேல திணிச்சா இழுக்கும்போது உறை உரியும். கேமரா முனையில ஒரு மீட்டரும், ரெக்கார்டர் முனையில ரெண்டு மீட்டரும் மிச்சம் சுருட்டி வைங்க. பின்னாடி முனை கெட்டா வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ணக் கேபிள் இருக்கும்.