சத்தம் எப்போ வருது, அதைச் சொல்லுங்க: கார் கேள்வி பதில்

இந்த தடவை வந்திருக்கற கேள்விங்க எல்லாமே சத்தம் பத்தித்தான். ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ்ல வாயாலேயே கடகடன்னு அரை நிமிஷம் பண்ணிக் காட்டியிருக்கார், கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. சத்தம் எப்படி இருக்குன்னு ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வாங்க. எப்போ வருது, எதைப் பண்ணா ஏறுது, எதைப் பண்ணா நிக்குதுங்கறது மட்டும் யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், எனக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி: பெட்ரோல் வண்டி, ஏழு வருஷம் ஆச்சு. காலைல முதல் ஸ்டார்ட்ல டிக் டிக்னு சத்தம், கொஞ்ச நேரத்துல போயிடுது. ஒரு மெக்கானிக் டேப்பெட்ங்கறார், இன்னொருத்தர் டைமிங் செயின்ங்கறார், பக்கத்து வீட்டுக்காரர் ஒண்ணுமே இல்லைங்கறார். யாரை சார் நம்பறது?

மூணு பேர் சொல்றதுக்கும் வாய்ப்பு இருக்கு. டேப்பெட்ங்கறது இன்ஜின்ல காத்தும் புகையும் போய் வர்ற வால்வைத் தட்டித் திறக்கற பார்ட், டைமிங் செயின்ங்கறது பிஸ்டன் அசைவுக்கு ஏத்த மாதிரி அந்த வால்வை திறக்க வெக்கற சங்கிலி. "கொஞ்ச நேரம்"னு எழுதியிருக்கீங்களே, அது எவ்வளவு நேரம்? அங்கதான் விஷயமே இருக்கு. நாளைக்கு காலைல பானட்டை தூக்கி வெச்சுட்டு வேற யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, போன்ல வீடியோ எடுங்க. அப்புறமா போட்டுப் பாத்து செகண்டு எண்ணுங்க.

ரெண்டு மூணு செகண்டுல போயிடுதுன்னா பெரும்பாலும் ஆயில் மேட்டர்தான். ராத்திரி பூரா நின்ன வண்டில ஆயில் மொத்தமும் இன்ஜினுக்கு அடியில இருக்கற சம்ப்ங்கற தொட்டிக்கு இறங்கிடும், பம்ப் திரும்ப அதை ஹெட் வரைக்கும் ஏத்தறதுக்குள்ள மேல இருக்கற பார்ட்ஸ் கொஞ்சம் காய்ஞ்ச மாதிரி ஓடும். ஆயில் பிரஷர்ல வேலை செய்யற ஹைட்ராலிக் டேப்பெட் இருக்கற இன்ஜின்ல இது சகஜம். இதுலயும் ஒரு குட்டி விஷயம் இருக்கு, ஆயில் ஃபில்டருக்குள்ள ஒரு ரப்பர் வால்வு இருக்கும், வண்டி நின்னதும் ஃபில்டர்ல இருக்கற ஆயில் பின்னாடி வழிஞ்சு போகாம பிடிச்சு வெக்கறது அதோட வேலை. மட்டமான ஃபில்டர்ல அந்த ரப்பர் சீக்கிரம் விறைச்சுப் போயிடும், அதனால போன சர்வீஸுக்கு அப்புறம்தான் இந்த சத்தமே ஆரம்பிச்சுதுன்னா முதல்ல ஃபில்டரை மாத்திப் பாருங்க.

அதே சில செகண்டுதான், ஆனா டிக் டிக்னு இல்லாம இரும்புச் சங்கிலியை தகரத்து மேல இழுக்கற மாதிரி கரகரன்னு வந்தா அது டைமிங் செயின். நிறைய இன்ஜின்ல செயின் டென்ஷனர் ஆயில் பிரஷர்லதான் விறைப்பா நிக்குது, பிரஷர் வர்ற வரைக்கும் செயின் தொளதொளன்னு அடிக்கும். வாரத்துக்கு வாரம் அந்த நேரம் நீண்டுகிட்டே போச்சுன்னா தள்ளிப் போடாதீங்க. செயின் பல் தாண்டிடுச்சுன்னா நிறைய இன்ஜின்ல பிஸ்டன் போய் வால்வை இடிச்சிடும், அதுக்கப்புறம் சத்தமே இருக்காது, வண்டி ஓடினாத்தானே!

ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னு இருந்து, இன்ஜின் சூடாக சூடாக மெதுவா தேய்ஞ்சு போகுதுன்னா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பாருங்க, அதாவது புகையை வெளிய எடுத்துட்டுப் போற குழாய் இன்ஜினோட சேர்ற இடத்துல வெக்கற அடைப்பு. இதைத்தான் எல்லாரும் டேப்பெட்னு நினைச்சு ஏமாறுவாங்க. குளிர்ச்சியா இருக்கும்போது சின்ன இடுக்கு வழியா புகை டிக் டிக்னு வெளிய தள்ளும், இரும்பு சூடாகி விரிஞ்சதும் இடுக்கு மூடிக்கும். அந்த ஜாயின்ட் ஓரமா கரி படிஞ்சு கறுப்பா ஒரு தடம் இருக்கும், டார்ச் அடிச்சுப் பாத்தா தெரியும். கையை வெச்சுப் பாக்காதீங்க, சுட்டுடும்.

டேப்பெட்தானான்னு கண்டுபிடிக்க தாளத்தைக் கேளுங்க. கிராங்க், அதாவது பிஸ்டனுங்க சுத்தி விடற தண்டு, ரெண்டு சுத்து சுத்தினா வால்வைத் திறக்கற கேம் ஷாஃப்ட் ஒரு சுத்துதான் சுத்தும். ஐடிலிங் 800 ஆர்பிஎம்னு வெச்சுக்கிட்டா ஒரு வால்வு நிமிஷத்துக்கு 400 தடவை திறக்கும், அதாவது செகண்டுக்கு ஆறேழு தட்டு. கீழ கிராங்க் பக்கம் எதாவது தட்டுச்சுன்னா அதுக்கு ரெண்டு மடங்கு வேகத்துல தட்டலாம். எண்ணவெல்லாம் முடியாது, ஆனா கேட்டுப் பழகினா நிதானமா தட்டுதா படபடன்னு தட்டுதான்னு காது பிடிச்சுக்கும்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. சத்தமே வரக்கூடாதுன்னு டேப்பெட் கேப்பை, அதாவது வால்வுக்கும் அதைத் தட்டற பார்ட்டுக்கும் நடுவுல விடற இடைவெளியை, ஒரேடியா டைட் பண்ணச் சொல்லாதீங்க. அந்த கேப் நிறைய இன்ஜின்ல 0.2 மில்லிமீட்டர் பக்கம்தான், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். அதை இல்லாம பண்ணிட்டா சூட்டுல வால்வு நீண்டு சரியா உக்காராது, எக்ஸாஸ்ட் வால்வு கருகிப் போயிடும். லேசா டிக் டிக்னு கேட்டா கேக்கட்டும் விடுங்க.

கேள்வி: ஸ்டார்ட் பண்ணதும் கீச்ச்னு ஒரு கத்து கத்துது, தெருவே திரும்பிப் பாக்குது. ஏசி போட்டாலும் கத்துது. பெல்ட்ல சோப்பு தேய்ச்சா போயிடும்னு சொல்றாங்க, தேய்க்கலாமா அண்ணே?

வேண்டாம்மா. சோப்பு, கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவாதீங்க, ரெண்டு நாள் அடங்கும், அப்புறம் பெல்ட் இன்னும் வழுக்கும், புது பெல்ட் போட்டாலும் பெல்ட் ஓடற சக்கரம் இருக்கே, புல்லி, அதுல ஒட்டியிருக்கறது அதையும் கெடுக்கும்.

ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல வெறும் தண்ணி எடுத்துக்கோங்க. சத்தம் வந்துகிட்டிருக்கும்போதே, துப்பட்டா தலைமுடி எதுவும் பக்கத்துல போகாம தள்ளி நின்னுகிட்டு, பெல்ட்டோட வரி போட்ட பக்கம் லேசா அடிங்க. சத்தம் உடனே நின்னு கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துச்சுன்னா புல்லி நேர்க்கோட்டுல இல்ல, எதோ ஒண்ணு சாஞ்சிருக்கு. தண்ணி பட்டதும் இன்னும் அதிகமா கத்துச்சுன்னா பெல்ட் வழுக்குது, அதாவது டென்ஷன் பத்தல. உங்க விஷயத்துல எனக்கு ரெண்டாவது மேலதான் சந்தேகம், ஏன்னா ஸ்டார்ட் பண்ண உடனே பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறதுக்கு ஆல்டர்னேட்டர் நல்லா இழுக்கும், ஏசி போட்டா கம்ப்ரஸர் இழுக்கும், ரெண்டுமே பெல்ட்டுக்கு லோடு.

"பெல்ட்ல வெடிப்பே இல்லையே, நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லிடாதீங்க. பழைய பெல்ட்டுதான் தேய்ஞ்சா வெடிக்கும். இப்ப வர்ற ரப்பர் வெடிக்காது, டயர் மாதிரி வரி மட்டும் தேய்ஞ்சுகிட்டே போகும், பாக்க புதுசு மாதிரியே இருக்கும்.

கேள்வி: போன வாரம் ஓட்டிட்டு வரும்போது சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சுது. வீடு பக்கம்தானேன்னு 20 கிலோமீட்டர் அப்படியே வந்துட்டேன். இப்ப ரேஸ் பண்ணா கீழேர்ந்து டொக் டொக்னு கனமா ஒரு சத்தம். கெட்டி ஆயில் ஊத்தினா சரியாகுமா?

தம்பி, முதல்ல ஸ்டார்ட் பண்றதை நிறுத்துங்க. சத்தம் இப்ப எப்படி இருக்குன்னு பாக்கக்கூட ஸ்டார்ட் பண்ணாதீங்க, வண்டியை ஏத்திட்டுப் போக டோயிங் வண்டி கூப்பிடுங்க.

அந்த சிவப்பு லைட் ஆயில் அளவைக் காட்டற லைட்டுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது பிரஷர் லைட். பிஸ்டனை கிராங்கோட சேக்கற கனெக்டிங் ராடுக்கும் கிராங்குக்கும் நடுவுல இருக்கற பேரிங்ல இரும்பும் இரும்பும் ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாது, நடுவுல இருக்கற ஆயில் படலத்துல மிதந்துகிட்டேதான் ஓடும். அந்த இடைவெளி தலைமுடி தடிமன்கூட இருக்காது. பிரஷர் போச்சுன்னா படலம் போச்சு, இரும்பு இரும்பை அரைக்கும், இடைவெளி பெருசாகும், ஒவ்வொரு தடவை பிஸ்டன் கீழ தள்ளப்படும்போதும் ராடு போய் கிராங்கை சுத்தியல் மாதிரி அடிக்கும். உங்களுக்கு டொக் டொக்னு கேக்கறது அதுவா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி.

கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம் கொஞ்சம் அமுங்கும், உண்மைதான். வண்டியை யார் தலையிலயாவது கட்டறவங்க பண்ற வேலை அது. தேய்ஞ்ச பேரிங் ஆயிலால வளராது.

மெக்கானிக்கிட்ட என்ன கேக்கணும்னு சொல்றேன். ஆயிலை வடிச்சு ஒரு தட்டுல வெச்சு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாக்கச் சொல்லுங்க, மினுமினுன்னு ஜிகினா மாதிரி தூள் மிதந்தா பேரிங் போயிருக்கு. ஃபில்டரை அறுத்து அதோட பேப்பரை விரிச்சுப் பாத்தா இன்னும் தெளிவா தெரியும். அதுல ஒண்ணும் இல்லன்னாத்தான் ஆயில் லெவலும் பிரஷரும் சரி பண்ணிட்டு, ஐடிலிங்ல ஒவ்வொரு சிலிண்டரா இன்ஜெக்டர் கனெக்டரை சில செகண்டு கழட்டிப் பாக்கலாம். எந்த சிலிண்டரை நிறுத்தினா டொக் சத்தம் சட்டுனு குறையுதோ அந்த ராடுதான். உங்களுது ஆட்டோமேட்டிக் கியரா இருந்தா இன்னொண்ணு, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற ஃப்ளெக்ஸ் பிளேட்டுல விரிசல் விட்டாலும் அச்சு அசல் இதே மாதிரி சத்தம் வரும். அதைப் பாக்காம இன்ஜினைப் பிரிக்க விடாதீங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

கேள்வி: ஸ்பீடு ஏற ஏற ஊஊம்னு ஒரு சத்தம். இன்ஜின் பேரிங்கா?

நிறுத்தி வெச்சு நியூட்ரல்ல ரேஸ் பண்ணிப் பாருங்க, வரலைன்னா பாதி சந்தேகம் தீர்ந்துடும். மீதிக்கு, காலி ரோட்டுல ஒரே 60 கிலோமீட்டர் வேகத்துல நாலாவது கியர்ல ஒரு தடவை, அஞ்சாவது கியர்ல ஒரு தடவை போங்க. கியர் மாத்தியும் சத்தம் அப்படியே இருந்தா அது வீல் பேரிங் இல்லன்னா டயர், இன்ஜினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. லேசா இடது பக்கம் வளைக்கும்போது சத்தம் ஏறினா பெரும்பாலும் வலது பக்க பேரிங், ஏன்னா வெயிட் அந்தப் பக்கம்தான் சாயும்.

டயரை ஏன் சொல்றேன்னா, பல வருஷம் முன்னாடி என் சொந்த வண்டில ஸ்பீடுக்கு ஏத்த மாதிரி டக் டக் டக்னு ஒரு சத்தம். நான் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டு வீல் பேரிங் வாங்கிட்டு வந்து அரை நாள் உக்காந்து மாத்தி, கையெல்லாம் கிரீஸோட ஓட்டிப் பாத்தா அதே டக் டக். கடைசில பாத்தா பக்கத்து டயரோட வரிக்குள்ள ஒரு கூழாங்கல் மாட்டியிருந்துச்சு, ஸ்க்ரூடிரைவரால நெம்பினதும் டிங்னு போய் விழுந்துச்சு. அதுலேர்ந்து எந்த வண்டி வந்தாலும் முதல்ல டயரைச் சுத்திப் பாத்துட்டுத்தான் பானட்டையே தொடறது.

கேள்வி: மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை காதுல வெச்சு இன்ஜினைக் கேக்கறாரே, நிஜமாவே கேக்குமா இல்ல சும்மா படம் காட்டறாரா?

நல்லாவே கேக்கும். நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனியை ஆல்டர்னேட்டர் உடம்புல வெச்சு, கைப்பிடியை காதுக்குப் பின்னாடி இருக்கற எலும்புல அழுத்திப் பாருங்க, மத்த சத்தமெல்லாம் தள்ளிப் போயிடும், அந்த ஒரு பார்ட் மட்டும் மண்டைக்குள்ள பேசும். பேரிங் நல்லா இருந்தா ஸ்ஸ்னு வழவழன்னு ஒரே சீரா கேக்கும், போயிருந்தா உள்ள மணல் அரைபடற மாதிரி கரகரக்கும். அதே மாதிரி வாட்டர் பம்ப், ஐட்லர் புல்லின்னு ஒண்ணொண்ணா வெச்சு எது கரகரக்குதுன்னு ஒப்பிட்டுப் பாக்கணும். புஸ்ஸுனு காத்து லீக் ஆகற சத்தத்துக்கு மட்டும் இது உதவாது, அதுக்கு ஒரு ரப்பர் ஹோஸை ஒரு முனை காதுலயும் இன்னொரு முனையை இன்ஜின் பக்கமும் நகர்த்திக்கிட்டே போகணும்.

பழகாதவங்க பண்ண வேண்டாம், ஓடற பெல்ட் பக்கத்துல தலையைக் கொண்டு போற வேலை இது. ரேடியேட்டர் ஃபேன் வேற சொல்லாம கொள்ளாம சுத்த ஆரம்பிக்கும்.

கேள்வி: மேடு ஏறும்போது டப்பால கல்லைப் போட்டு குலுக்கின மாதிரி சத்தம், ஆக்சிலரேட்டரை விட்டா நின்னுடுது.

நாக்கிங். பிளக் பத்த வெச்ச தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே மீதி பெட்ரோல் தானா வெடிக்குது. பெரிய கியர்லயே இழுத்துக்கிட்டு ஏறாம ஒரு கியர் குறைச்சு ஏறிப் பாருங்க, மேனுவல்ல சொல்லியிருக்கற ஆக்டேன் பெட்ரோல்தான் போடறீங்களான்னும் பாருங்க. அப்பவும் வந்தா கரி படிஞ்சிருக்கா, இன்ஜின் அதிகமா சூடாகுதா, நாக் சென்சார் வேலை செய்யுதான்னு செக் பண்ணணும். லேசாத்தானேன்னு விட்டா பிஸ்டன்ல ஓட்டை விழுந்த கதையெல்லாம் இருக்கு.

கேள்வி: வண்டியை ஆஃப் பண்ணி சாவியை எடுத்தப்புறமும் அடியிலேர்ந்து டிங்... டிங்...னு வருது. ராத்திரில கேட்டா பயமா இருக்கு.

சைலன்சர் பைப்பும் ஹீட் ஷீல்டும் சூடு ஆறிச் சுருங்கற சத்தம்மா அது. கால் மணி நேரத்துல நின்னுடும், நீங்க போய் தூங்குங்க.